வளையல்காரி என்று சொன்னேன்

என் லோகு கண்ணுக்கு, நம் ஆரணி வீட்டிலிருந்து அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். முதலில் பிள்ளைகளின் சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். நல்ல சேதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்கிறவள் நான். உன்னிடம் சொல்லாமல் இருப்பேனா?

உன் அண்ணன் தாமோதரனின் மகன் முரளி வேலூரில் பாலிடெக்னிக் சேர்ந்துவிட்டான். ஒரே ஒரு திருகாணியை மேலே இருந்து பார்த்தால் எப்படி, பக்கத்தில் இருந்து பார்த்தால் எப்படி என்று பெரிய பெரிய காகிதத்தில் வரைகிறான். ஒரு காகிதத்தை நான் தெரு முழுக்க எடுத்துப்போய்க் காட்டினேன். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஆயா, அது தப்பா போட்ட படம்" என்றான். தப்பாகப் போட்டதே இப்படி என்றால் சரியாகப் போட்டது எப்படி இருக்கும்!

அவன் தங்கை கீதா ஆறாவது படிக்கிறாள். பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். அதில் நான்தான் தினமும் காபி குடிக்கிறேன்.

உன் மகள் நிர்மலாவைக் கடைசியாகச் சொல்கிறேன். முதலில் சொல்லியிருந்தால் மற்றவர்களைப் பற்றி எழுத மறந்தே போயிருப்பேன். பன்னிரண்டாவது தேறினாள். டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தாள். பார்க்காமலே அடிப்பாள், கண் என் முகத்தில் இருக்கும், விரல் அதுபாட்டுக்கு ஓடும். போன வருஷம் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வந்தவாசியில் வாத்தியார் வேலை பார்க்கிறார், மெல்லப் பேசுகிற பிள்ளை. இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை, ஆறு மாதம் ஆகப்போகிறது. குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறது. லோகு, நீ பாட்டியாகிவிட்டாய். பத்தொன்பது வயசிலேயே நின்றுபோனவளுக்குப் பேத்தி.

நல்ல சேதி முடிந்தது. இனிமேல் எழுத வேண்டியதற்குக் கை வரவில்லை. நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். இன்று மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் மகளுக்கு ஒரு விஷயம் தெரியாது. நீ எப்படிப் போனாய் என்று அவள் கேட்கும்போதெல்லாம், "பிள்ளை பெத்த ஜன்னி கண்டுச்சும்மா, சாமி கூட்டிகினு போயிடுச்சு" என்று சொல்லியே வளர்த்துவிட்டேன். சாமி கூட்டிக்கொண்டு போகவில்லை. வாசலில் நின்று வழியை மறித்தது யார் என்று எனக்கும் உன் அப்பாவுக்கும் தெரியும். உன் அப்பாவும் போய்விட்டார். இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். உனக்கும் தெரியுமா? அதைத்தான் இத்தனை வருஷமாகக் கேட்க நினைக்கிறேன்.

நம் வீட்டை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். ரயில்பெட்டி மாதிரி நீளமான வீடு. தெருக்கதவைத் திறந்தால் தறி போட்ட கூடம். அதைத் தாண்டி அடுப்பங்கரை. அதைத் தாண்டிக் கிணறு. கிணற்றங்கரையில் ஒரு சின்ன அறை. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர், பின்னால் ரைஸ்மில் மதில். கிணற்றங்கரை அறையிலிருந்து தெருவுக்குப் போக வேண்டுமானால் கூடத்து வழியாகத்தான் போக வேண்டும். கூடத்தில் நெசவுக்கான நீள நூலெல்லாம் பாவாக இழுத்துக் கட்டியிருக்கும்போது சுவரை ஒட்டி ஒருக்களித்துத்தான் நடக்கலாம். முந்தானை பாவில் உரசாமல் போகவே முடியாது.

நீ பிரசவத்துக்கு வந்த மாதத்தில் தறியில் ஒரு முகூர்த்தப் புடவை ஏறியிருந்தது. அரக்குக் கலர், பச்சை பார்டர், முந்தியில் மாங்காய். எந்த ஊர்ப் பெண்ணுக்கு என்றுகூட நமக்குத் தெரியாது. முதலாளி பாவும் சரிகையும் கொடுத்து, "கல்யாணத்துக்குன்னு சொல்லி எடுத்துகினு இருக்காங்க, சுத்தபத்தமா நெய்யி" என்று சொல்லியனுப்பியிருந்தார். கட்டப்போகிறவள் தாலி கட்டிக்கொள்கிற புடவை. தீட்டுப்பட்ட உடம்பு அந்தப் பாவில் உரசினால் அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்கு ஆகாது. என் மாமியார் அப்படித்தான் சொன்னாள், அவளுடைய மாமியார் அவளிடம் சொன்னாள். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். அங்கே எவரும் வேறு மாதிரி சொல்லவில்லை.

நிர்மலா பிறந்தது கிணற்றங்கரை அறையில். மருத்துவச்சி வந்து பார்த்தாள். சுலபமாகத்தான் பிறந்தாள். உன் அப்பா தறியை விட்டு எழுந்து வந்து, அடுப்பங்கரைப் படியிலேயே நின்று, "இன்னா குழந்த?" என்று கேட்டார். "உன்னாட்டமே மூக்கு, பொண்ணு" என்று நீ உள்ளேயிருந்து கத்தினாய். அப்பாவை 'நீ' என்று போட்டுப் பேசுகிறவள் நீ ஒருத்திதான். அவர் சிரித்துக்கொண்டே போய்த் தறிக்குழியில் காலை இறக்கினார். தறிச் சத்தம் அன்று தாளம் தப்பிக் கேட்டது. சந்தோஷத்தில் நெய்தால் அப்படித்தான் கேட்கும்.

நீ தீட்டு. பதினோராம் நாள் புண்ணியாஜனம் வரைக்கும் அந்த அறையை விட்டு வரக் கூடாது. நான் உன்னிடம் வந்துபோவேன். வந்தபிறகு கிணற்றில் இரண்டு வாளி இழுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டுதான் கூடத்துப் பக்கம் போவேன். ஒரு நாளைக்கு ஏழு எட்டு தடவை ஊற்றிக்கொண்டேன். அதைப் பெரிய கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் உனக்குக் குளிர் வந்தது. பல் கிட்டித்தது. இரண்டு போர்வை போட்டேன். பால் கட்டினால் காய்ச்சல் வரும், எனக்கும் தாமோதரன் பிறந்தபோது வந்தது, அதுதான் என்று நினைத்தேன். முட்டைக்கோஸ் இலையை வதக்கி மார்பில் வைத்துக் கட்டினேன். காய மருந்தில் மிளகு கூடுதலாகப் போட்டேன். நீ தண்ணீர் கேட்டாய். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஆகாது என்று அரை டம்ளர் வெந்நீர் கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம் குடும்மா" என்று சொன்னாய். கொடுக்கவில்லை.

நான்காம் நாள் உன் துணிகளை அலசும்போது ஒரு நாற்றம் வந்தது. இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை. எனக்கு அந்த நாற்றம் தெரிந்தது, லோகு. அது சாதாரண வாடை இல்லை என்றும் தெரிந்தது. சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்தேன். அதோடு முடிந்தது என்று இருந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் ஸ்டெல்லா நர்ஸம்மா வந்தாள். உனக்கு ஏழாம் மாதத்தில் ஊசி போட வந்தவள். உன்னைவிட இரண்டு மூன்று வயசுதான் கூட இருக்கும். கறுப்புக் குடை, தோளில் பை. பிள்ளை பெற்ற வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. நான் கதவைப் பாதி திறந்து, நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாம்மா, பாப்பா எப்படி கீது? தாயி எப்படி கீறாங்க? உள்ள வந்து ஒரு தபா பாத்துட்டுப் போயிடறேன்."

"ரெண்டு பேரும் நல்லா கீறாங்க நர்ஸம்மா. இப்பத்தான் கண்ணு அசந்தா. எழுப்ப வாணாம்."

"காய்ச்சல் எதனா கீதா?"

"இல்லீங்க."

"குளுரு?"

"இல்லீங்க."

"ரத்தப்போக்கு எப்படி கீது? கெட்ட வாடை எதனா அடிக்குதா?"

"அய்ய, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கூடத்தில் அரக்குப் பாவு வெயில் பட்டு மின்னியது. உன் அப்பா குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகூர்த்தப் புடவைங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. ரெண்டு நாளுல முடிஞ்சிடும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தெருவில் எத்தனை வீடு பார்த்திருப்பாள். "சரிம்மா. காய்ச்சல் மட்டும் கண்டா உடனே ஆள அனுப்புங்க. பாக்கலாம் பாக்கலாம்னு இருந்துடாதீங்க" என்று சொன்னாள். நின்றபடியே நோட்டில் ஏதோ எழுதினாள். குடையை விரித்துக்கொண்டு போனாள்.

அப்போது எனக்கு என்ன கவலை தெரியுமா? அவளை உள்ளே விட்டால் உன்னைத் தொட்டுப் பார்ப்பாள். தொட்ட கையோடு அதே கூடத்து வழியாகத் திரும்பி வருவாள். நானாவது தலைக்கு ஊற்றிக்கொண்டு வருவேன். சர்க்கார் வேலைக்கு வந்த பெண்ணிடம் "கிணத்துல குளிச்சிட்டு ஈரப்புடவையோட போங்க" என்று எப்படிச் சொல்வது? எனக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். ஒரு கூச்சம்.

கதவைச் சாத்திவிட்டு உன்னிடம் வந்தேன். கண் சிவந்து கிடந்தாய்.

"யாரும்மா வந்தது?"

"வளையல்காரி."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாய். அப்புறம் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பாவுக்குக் கருவளை வாங்குனியா?" என்று கேட்டாய்.

"நாளைக்கு வரேன்னு சொல்லிகினு போயிருக்கா. அப்ப வாங்கிக்கலாம்."

"ரெண்டு கைக்கும் வாங்கும்மா. கண்ணு படும்."

அந்தக் கதவுக்கும் உன் அறைக்கும் எவ்வளவு தூரம்? தறி நின்றிருந்த நேரம் அது. நர்ஸம்மாவின் குரல் கணீர் என்று இருக்கும். உனக்குத் தெரிந்த குரல். வளையல்காரி "வளையலோ" என்று ராகம் போடாமல் எந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள்? உனக்குத் தெரிந்திருக்கும் லோகு. தெரிந்துதான் வளையலைப் பற்றிக் கேட்டாயா? அம்மா சொன்ன பொய் கீழே விழாமல் இருக்கட்டும் என்று கையில் ஏந்திக்கொண்டாயா? ஒரு குரல் கொடுத்திருந்தால் அவள் ஓடி வந்திருப்பாளே. ஏன் கொடுக்கவில்லை?

மறுநாள் காலையில் உன் அப்பா நாடாவைக் கீழே வைத்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"புள்ள முனகறது இங்க வரைக்கும் கேக்குது. ஜட்கா கூட்டியாரட்டா?"

"பாவு கீது கூடத்துல. எப்படிக் கூட்டிகினு போறது?"

"பாவு கெடக்குது போ. நான் அறுத்துடறேன்."

முகூர்த்தப் பாவை நெய்து முடிக்கும் முன்பே அறுப்பதா! "உங்களுக்கு இன்னா தெரியும் பொம்பள சமாச்சாரம்? பால் கட்டுன காய்ச்சல். யாரோ பெத்த பொண்ணு தாலி கட்டிக்கப் போறா, அவ பாவம் நமக்கு வாணாம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முந்திய முடிச்சிடுங்க, ஜல்தியா" என்று சொன்னேன். அவர் கையில் கத்தி இருந்தது. அதை எரவாணத்தில் செருகிவிட்டு மறுபடி குழியில் இறங்கினார். அன்று அவர் நெய்த வேகத்தை நான் பார்த்ததில்லை.

யாரோ பெற்ற பெண்ணுக்காக அப்படிப் பேசினேன். என் பெண் அடுப்பங்கரைக்கு அந்தப் பக்கம் கிடந்தாள்.

ஏழாம் நாள் மத்தியானம் புடவை தறியிலிருந்து இறங்கியது. அதை மடித்து முதலாளி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கையோடு ஜட்கா வந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூடத்தின் வழியாக வந்தோம். வெறும் கூடம். இத்தனை அகலமா இது என்று தோன்றியது. உனக்கு நினைவு இல்லை. என்னை "சின்னம்மா" என்று கூப்பிட்டாய்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உன் கண்ணைப் பிரித்துப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "ரெண்டு நாளைக்கு முன்னாடி எங்கம்மா இருந்தீங்க?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அங்கே அவர்கள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். ஊசி மேல் ஊசி போட்டார்கள். ஒன்பதாம் நாள் விடிந்த பிறகு நீ போய்விட்டாய்.

எங்கே இருந்தேன்? வாசலில் இருந்தேன். நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றேன்.

உன் அப்பா அதற்குப் பிறகு கல்யாணப் புடவை என்று சொல்லி வருகிற வேலையை வாங்கவே இல்லை. முதலாளி ஏன் என்று கேட்டால், "கண்ணு முன்ன மாதிரி தெரியலீங்க" என்பார். ஊசியில் நூல் கோக்கிற கண் அவருக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். சாகிறவரைக்கும் என் கையால் சாப்பிட்டார், நல்லா இருக்கு என்று சொன்னார்.

நான் இப்போதும் பஸ் ஸ்டாண்டில் அரக்குப் புடவை, பச்சை பார்டர் கட்டிய பெண்ணைப் பார்த்தால் முந்தியைப் பார்க்கிறேன். அவளுக்குப் பிள்ளைகள் வளர்ந்திருக்கும். அவள் நன்றாக இருக்கட்டும். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் பார்க்கிறேன்.

நிர்மலாவைச் சங்கில் பால் ஊற்றித்தான் வளர்த்தேன். உன் வீட்டுக்காரர் இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஊர் மாறிப் போனார். குழந்தையைக் கேட்டார்கள். கொடுக்கமாட்டேன் என்று மல்லுக்கு நின்றேன். எல்லோரும், "பாரு, பொண்ணு மேல வெச்ச பாசம்" என்று சொன்னார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே எரியும்.

இந்த வருஷம் அவள் பிரசவத்துக்கு வந்தாள். தாய் வீடு என்றால் அவளுக்கு இதுதானே. கிணற்றங்கரை அறையை இடித்துவிடலாம் என்று தாமோதரனிடம் சொன்னேன். விறகு போட வேண்டும் என்றான். சரி, விறகு போடு, என் பேத்தி அடுப்பங்கரையை ஒட்டிய உள்ளறையில் படுப்பாள் என்று சொல்லிவிட்டேன். பிரசவம் ஆஸ்பத்திரியில் ஆயிற்று. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கூடத்தில் இப்போது தாமோதரன் நெய்கிறான். நிர்மலா வீடு வந்த மறுநாள் தறியில் என்ன ஏற்றினான் என்று நினைக்கிறாய்? முகூர்த்தப் புடவைதான். அவன் அப்பாவைப் போல இல்லை, வந்த வேலையை வாங்குவான். உன் பிரசவத்தின்போது அவன் காஞ்சிபுரத்தில் வேலை கற்றுக்கொண்டிருந்தான். அவனுக்கு நீ போன கதை மட்டும்தான் தெரியும், கதவின் கதை தெரியாது.

ஐந்தாம் நாள் காலை கதவு தட்டுகிற சத்தம். திறந்தேன். ஸ்டெல்லா நர்ஸம்மா. எங்கெங்கோ மாற்றல் ஆகி, போன வருஷம்தான் திரும்ப நம் பக்கத்துக்கு வந்திருக்கிறாள். தலை பாதி நரைத்துவிட்டது. குடை மட்டும் அதே கறுப்பு. வாசலிலேயே நின்றாள். படியில் காலை வைக்கவில்லை.

"உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். பாவுக்கும் சுவருக்கும் நடுவே அவளை முன்னால் விட்டு, நான் பின்னால் போனேன். தாமோதரன் பதறிப்போனான்.

"அம்மா, பாவு கீது! தீட்டு..."

"பாவு கெடக்குது போ" என்றேன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது உன் அப்பாவின் வார்த்தை. அவர் சொன்னபோது நான் கேட்டிருக்க வேண்டிய வார்த்தை.

நிர்மலா நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். நர்ஸம்மா தர்மாமீட்டர் வைத்தாள். தையலைப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். துணியைக் காட்டச் சொன்னாள், மோந்து பார்த்தாள். முகம் சுளிக்காமல் பார்த்தாள். "லேசா காய்ச்சல் கீது, வயித்துல நோவும் கீது. நாளைக்குன்னு வெச்சிக்காதீங்க, இப்பவே கூட்டிகினு போலாம்" என்று சொன்னாள். தாமோதரன் ஆட்டோ கொண்டுவந்தான். குழந்தையை நான் தூக்கிக்கொண்டேன். நிர்மலா அந்தப் பாவை உரசிக்கொண்டுதான் தெருவுக்குப் போனாள். ஒரு இழை அறுந்தது. தாமோதரன் திரும்பி வந்து முடிச்சுப் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான் லோகு. ஒரு முடிச்சு.

நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து ஊசி போட்டார்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் இட்லி வேண்டும் என்று கேட்டாள். அங்கே இப்போது வேறு டாக்டரம்மா, சின்ன வயசு. "சீக்கிரமா வந்தீங்க பாட்டி, நல்லதாப் போச்சு. ரெண்டு நாள் விட்டிருந்தா பேஜாரா போயிருக்கும்" என்றார். அதே இரண்டு நாள்.

டாக்டரம்மா போன பிறகு நிர்மலா என் கையைப் பிடித்தாள். "ஆயா, எங்கம்மாவையும் இப்படித்தான் ஜல்தியா கூட்டிகினு வந்தீங்களா?"

"வந்தோம்மா."

மறுபடியும் சொன்னேன், லோகு. உன்னிடம் சொன்ன மாதிரியே, கண் இமைக்காமல்.

"அப்ப நல்ல மருந்து இல்ல போல கீது. பாவம் எங்கம்மா" என்று சொல்லி என் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். அந்தக் கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நர்ஸம்மா மறுபடி பார்க்க வந்தாள். போகும்போது கிணற்றங்கரையில் கை கழுவினாள். நான் தண்ணீர் ஊற்றினேன். அப்போது சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு எம் பொண்ணுக்குக் காய்ச்சல் இருந்துச்சும்மா. வாடையும் இருந்துச்சு. எனுக்குத் தெரியும். இல்லன்னு சொன்னேன்."

அவள் சோப்புக் கையோடு என் பக்கம் திரும்பினாள். "தெரியும்மா. பத்து நாளு கழிச்சி நோட்ட தெறந்து, நல்லா கீறாங்கன்னு நான் எழுதுன வரிய நானே அடிச்சேன்" என்றாள்.

"உங்கள உள்ள உட்டா கெணத்துல குளிச்சிட்டுத்தான் திரும்பிப் போகணும். அதச் சொல்ல எனுக்கு வாய் வரல."

அவள் கண் நிறைந்துவிட்டது. "இவ்ளோதானாம்மா? சொல்லியிருந்தீங்கன்னா நாலு வாளி ஊத்திகினு ஈரத்தோடவே போயிருப்பேனே. நானாவது கேட்டிருக்கணும். எனுக்கும் சின்ன வயசு, வாணாம்னதும் ரோசம் வந்துடுச்சு, போயிட்டேன்."

இரண்டு பேரும் கிணற்றடியில் நின்று அழுதோம். நாலு வாளித் தண்ணீர், லோகு. நம் கிணறு கோடையில்கூட வற்றியதில்லை.

அவள்தான் சொன்னாள், பிள்ளைத்தாய்ச்சிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் மாதம் ஒரு நாள் கூட்டி உட்காரவைத்துப் பேசுகிறாளாம். "நான் ஆயிரம் சொன்னாலும் தலைய ஆட்டிட்டுப் போயிடறாங்க. உங்க வாயால கேட்டா கேப்பாங்கம்மா. வந்து பேசறீங்களா?" என்று கேட்டாள். என்னால் நின்று பேச முடியாது, எழுதித் தருகிறேன், படியுங்கள் என்று சொன்னேன். அதனால்தான் உனக்கு எழுதுகிற கடிதத்தில் நம் வீட்டுச் சுவரையும் கிணற்றையும் வர்ணித்துக்கொண்டிருந்தேன்.

குழந்தைக்கு உன் பெயரை வைக்கலாம் என்று நிர்மலா ஆசைப்பட்டாள். நான்தான் வேண்டாம் என்று தட்டிவிட்டேன். பழைய பெயர், பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்று ஏதோ சொன்னேன். காரணம் அது இல்லை. உண்மையை மறைத்து வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நூறு தடவை உன் பெயரைக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. பிரியா என்று வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் மாதம் நிர்மலாவையும் குழந்தையையும் வந்தவாசிக்கு அனுப்பிவைத்தோம். பஸ் ஏறும் முன்னால் பஸ் ஸ்டாண்டு வாசலில் வளையல் கடையைப் பார்த்தேன். குழந்தைக்குக் கருவளை வாங்கினேன். இரண்டு கைக்கும். நானே போட்டுவிட்டேன். ஒரு கையை உதறி உதறிச் சத்தம் வருகிறதா என்று பார்த்தது. பத்தொன்பது வருஷம் கழித்து வாங்கினேன். நீ கேட்ட கைக்கு வாங்கவில்லை.

இதோ, உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன். இனிமேல் யார் எது கேட்டாலும் இருக்கிறதை இருக்கிறது என்று சொல்வேன். கீதா வளர்ந்து பிள்ளை பெற்றாலும், இந்தத் தெருவில் எவள் பெற்றாலும், உடம்பு பார்க்க வருகிறவர்களுக்கு நான் இருக்கிற வரையில் இந்தக் கதவு முழுசாகத் திறந்திருக்கும். குளித்துத்தான் ஆக வேண்டும் என்று எவளாவது சொன்னால் தண்ணீரை நானே இறைத்து ஊற்றுவேன்.

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். ஒன்று நர்ஸம்மாவுக்கு. இன்னொன்றை நாளைக் காலைத் தபாலில் நிர்மலாவுக்கு அனுப்பப் போகிறேன். படித்துவிட்டு அவள் என்னை ஆயா என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ. கூப்பிடாவிட்டால் அது நியாயம்தான். உன்னிடம் மன்னிப்பு கேட்க எனக்கு வாய் இல்லை. அவளிடமும் கேட்கவில்லை. அவளுக்கு எழுதிய கடிதத்தின் அடியில் ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன்.

"கண்ணு, கொழந்தய ஸ்டூடியோவுக்குத் தூக்கிகினு போயி, ரெண்டு கையிலயும் கருவளை தெரியறா மாதிரி புதுசா ஒரு போட்டோ எடுத்து, மனசு வந்தா ஆயாவுக்குத் தபால்ல அனுப்பு."

உன் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

உன்னைப் பெற்றவள், உன் மகளை வளர்த்தவள்,
அம்மா